பாதி பாட்டில் மெரூனாகவே தெரிகிறதா? நெயில் பாலிஷ் ஷேடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இது: "கல்லூரிக் காலத்திலிருந்து வாங்கிச் சேர்த்த நெயில் பாலிஷ் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே மெரூன் மாதிரி தெரிகிறது. எல்லாவற்றையும் ஸ்வாட்ச் செய்து, அதாவது மாதிரிக்குப் பூசி வைத்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது? போட்டோ எடுத்தால் ஏன் வேறு நிறமாக வருகிறது? கெட்டியாகிப்போன பழைய பாட்டில்களை என்ன செய்வது?"

மெரூனிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஒரு விரல் தடிமனுக்கு நிற்கும் திரவம். நகத்தில் ஒரு கோட் காய்ந்தபிறகு மிஞ்சுவதோ ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாத படலம். அடர்ந்த ஷேடுகள் பாட்டில் தடிமனில் வெளிச்சம் மொத்தத்தையும் விழுங்கிவிடும். உள்ளே சிவப்பு, காப்பி, ஊதா எது இருந்தாலும் கறுப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகத்தான் தெரியும். இதற்குப் பேர்போன இரண்டு ஷேடுகள் உண்டு. ஒன்று ஷனெல் 1994-ல் கொண்டுவந்த ரூஜ் நுவார். அமெரிக்காவில் அதற்கு வேம்ப் என்று பெயர். இன்னொன்று ஓ.பி.ஐ. 2005-ல் கொண்டுவந்த லிங்கன் பார்க் ஆஃப்டர் டார்க். பாட்டிலில் இரண்டும் கறுப்பு. நகத்தில் இரண்டு கோட் போட்டு டியூப் லைட்டுக்குக் கீழே நீட்டினால் அப்போதும் கிட்டத்தட்ட கறுப்புதான். மெல்லிசாக ஒரே ஒரு கோட் இழுத்துப் பாருங்கள்: முதலாவது காய்ந்த ரத்தச் சிவப்பு, இரண்டாவது கத்தரிப்பூ ஊதா.

ஆகவே முதல் வேலைக்கு ஸ்வாட்ச் குச்சிகூட வேண்டாம். பளபளவென்று இருக்கும் வெள்ளை அட்டை போதும். மழமழப்பான தாளில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் உத்தமம். சாதாரணத் தாள் பாலிஷை உறிஞ்சிவிடும். அட்டையின் மேல்முனையில் ஒரு சொட்டு வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே தடித்தும், கீழே போகப்போக மெலிந்தும் ஒரு பட்டை விழும். தடித்த முனை, நகத்தில் மூன்று கோட் போட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லும். மெலிந்த முனையில்தான் அந்த ஷேடின் பூர்வீகம் தெரியும். பெயின்ட் தொழிற்சாலைகளில் நிறம் சரிபார்ப்பதும் இதே முறையில்தான்; அங்கே இதை டிராடவுன் என்பார்கள்.

உங்கள் மெரூன்களை இப்படி வரிசையாக இழுத்து வைத்தால், ஒன்று போலத் தெரிந்தவை தானாகவே பிரிந்து நிற்கும். சிலது மெலிந்த முனையில் செங்கல் நிறத்துக்கு ஓடும். அவற்றில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு தூக்கலாக இருக்கும். சிலது ரோஸுக்கு ஓடும், சிலது ஊதாவுக்கு. இன்னும் சிலவற்றில், பாட்டிலில் கண்ணுக்கே தெரியாத தங்க ஷிம்மர் மெலிந்த இடத்தில் மினுக்கும். இத்தனைக்கும் பிறகு ஒன்றாகவே நிற்கும் ஜோடிகள் இருந்தால் அவைதான் உண்மையான ஒப்பீட்டுக்கு உரியவை. மற்றவற்றில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி குச்சிகள். நெயில் டிஸ்ப்ளே ஸ்டிக் என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும். சென்னையில் என்றால் பாரிமுனை, சவுகார்பேட்டை பக்கம் பார்லர் சாமான் விற்கும் மொத்தக் கடைகளில் கட்டுக்கட்டாக இருக்கும். நகம் போன்ற முனையோடு ஒரு சின்னக் கைப்பிடி, அதில் ஒரு துளை. துளையில் வளையம் கோத்து சாவிக்கொத்து மாதிரி வைத்துக்கொள்ளலாம். வட்டமான சக்கரமாகவும் விற்கிறார்கள். சக்கரம் வேண்டாம் என்பேன். அதில் ஒரு ஷேடை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்க முடியாது. ஒப்பிடவே முடியாத ஸ்வாட்ச் எதற்கு? அதே காரணத்தால் நோட்டுப் புத்தகத்தில் பூசி வைப்பதும் பாதி உபயோகம்தான்.

குச்சிகள் பால் வெள்ளையிலும் கண்ணாடி போலவும் வருகின்றன. கண்ணாடி மாதிரி இருப்பதை வாங்குங்கள். காரணம், ஷேடு எந்த அளவுக்கு மறைக்கிறது என்பதையும் அதில் அளந்துவிடலாம். ஒரு கோட் போட்டுக் காயவிட்டு, குச்சியை நாளிதழ் மேல் வையுங்கள். கொட்டை எழுத்துத் தலைப்பு தெரிகிறதா? இரண்டாவது கோட். இப்போது தலைப்பு நிழலாகத் தெரியும், சின்ன எழுத்து மறைந்திருக்கும். மூன்றாவது கோட்டில் தலைப்பும் போய்விட்டால், அது மூன்று கோட் ஷேடு என்று எழுதிக்கொள்ளலாம். சில ஜெல்லி வகைகளில் நான்கு போட்டாலும் எழுத்து மறையாது. அது குறையல்ல, ஜெல்லியின் இயல்பே அப்படி. உள்ளே வெளிச்சம் ஊடுருவுவதால்தான் அந்த மிட்டாய்ப் பளபளப்பு வருகிறது. ஒரு எச்சரிக்கை: குச்சியின் மேலேயே மார்க்கராலோ பால்பாயின்ட் பேனாவாலோ பெயர் எழுதாதீர்கள். பாலிஷில் இருக்கும் எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் அந்த மையைக் கரைத்து நிறத்தில் கலந்துவிடும். கைப்பிடியின் பின்பக்கம் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அதில் எழுதுங்கள்.

என்னென்ன எழுத வேண்டும்? கம்பெனி, ஷேடு பெயர் அல்லது எண், எத்தனை கோட், டாப் கோட் (கடைசியாக மேலே போடும் நிறமற்ற பூச்சு) உண்டா இல்லையா, வாங்கிய வருடம். இதோடு உங்கள் சொந்த வார்த்தையில் நிறத்தின் பெயர். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். புடவைக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே அரக்கு, வாடாமல்லி, வெங்காயத்தோல், ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள் எல்லாம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "பெர்ரி கலர்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் நினைவுக்கு வராது. "வாடாமல்லியை விடக் கொஞ்சம் அரக்கு" என்று எழுதினால் நிறம் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

பூசும் விதமும் ஒப்பீட்டில் சேர்த்திதான். பாட்டிலைக் குலுக்காதே, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டு என்பார்கள். பாலிஷில் பிக்மென்ட், அதாவது நிறப்பொடி, அடியில் தங்கிவிடாமல் தாங்கி நிற்க ஒருவகைக் களிமண் சேர்க்கிறார்கள். அசைத்தால் அது இளகும், அசையாமல் வைத்தால் மறுபடி இறுகும். பல மாதம் அசையாமல் நின்ற பாட்டிலுக்கு வெறும் உருட்டல் போதாது. நன்றாகக் குலுக்கி, குமிழ் அடங்கப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். சரியாகக் கலக்காத பாட்டிலிலிருந்து எடுத்த ஸ்வாட்ச் அந்த ஷேடே அல்ல, அதன் மேலோட்டம்.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் கழுத்தில் வழித்துவிட்டு, நடுவில் ஒன்று, இரு ஓரங்களில் இரண்டு என்று மூன்று இழுப்பு. கோட் மெல்லிசாக இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் ஃபேன் காற்றும் சேர்ந்தால் மேல்புறம் சடுதியில் தோல் கட்டிவிடும். உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழி தேடிக் குமிழாக எழும்பும். கோடை மதியத்தில் பூசியதில் பொரிப்பொரியாக வந்தால் பாலிஷைக் குறை சொல்லும் முன் ஃபேனைப் பாருங்கள்.

காய்ந்ததும் உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். பாலிஷ் காய்வது கரைப்பான் ஆவியாவதால். மேல்புறம் சில நிமிடத்தில் தொட முடிகிற மாதிரி ஆகும், அடிவரை இறுக மணிக்கணக்காகும். இரவு பூசிக்கொண்டு படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருப்பது அதனால்தான். இந்த இடைவெளியில் நிறமும் நகரும். சிவப்புகள் பெரும்பாலும் ஒரு படி இருண்டு நிற்கும். ஈரத்தில் ஒன்றையும் காய்ந்ததில் ஒன்றையும் ஒப்பிட்டு "இரண்டும் வேறு" என்று முடிவு செய்தால் வீண் செலவுதான் மிச்சம். ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டாப் கோட் போட்டதைப் போடாததோடு ஒப்பிடுவதும் கூடாது. பளபளப்பு நிறத்தை ஆழமாக்கும். மேட் டாப் கோட் மேற்பரப்பில் வெளிச்சத்தைச் சிதறடித்து, அதே நிறத்தைச் சாம்பல் பூத்தது போல வெளிறச் செய்யும்.

இப்போது மிச்சம் நின்ற ஜோடிக்கு வருவோம். நிறத்தை நினைவில் வைத்து ஒப்பிட மனிதக் கண்ணால் ஆகாது. இந்த விரலைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி அந்த விரலைப் பார்ப்பதற்குள் பாதி போய்விடும். இரண்டு குச்சிகளையும் ஓரத்தோடு ஓரம் இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். நடுவில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் இடம் வலம் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும்போது, இடப்பக்கத்துக் குச்சிக்குக் கிடைக்கும் சலுகை வலப்பக்கத்துக்குக் கிடைக்காது. கீழே வைக்கும் தாள் சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. சிவப்பு மேஜை விரிப்பின் மேல் வைத்தால் எல்லாச் சிவப்பும் சோகையாகத் தெரியும்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கேள்வியில் பாதி அதுதான். நல்ல இடம், நேர் வெயில் படாத ஜன்னலோரம் அல்லது பால்கனி வாசல், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. வேப்ப மர நிழல் குளுமையாக இருக்கும், ஆனால் இலைகள் வழியாக வருகிற வெளிச்சம் பச்சை. நம் வீடுகளில் இன்னொரு தொல்லை சுவர். ரோஸ், இளம்பச்சை, ஆரஞ்சு என்று அடித்திருப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது சுவரின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும். போட்டுக்கொண்டிருக்கும் சுடிதாரும் இதையே செய்யும். நான் ஒப்பிடும் நாளில் வெள்ளையோ சாம்பலோதான் உடுத்துவேன். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஜன்னலில் ஒன்றாகத் தெரிந்த ஜோடியை அப்படியே சமையலறை பல்புக்குக் கீழே கொண்டுபோங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் திடீரென்று ஒன்று காப்பியாகவும் மற்றது ரோஸாகவும் பிரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இரண்டு கம்பெனிகள் வேறு வேறு பிக்மென்ட்களைக் கலந்து, பகல் வெளிச்சத்தில் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். பல்பின் வெளிச்சத்தில் பகலில் இருக்கும் அலைநீளங்கள் அதே விகிதத்தில் இல்லை. அங்கே கூட்டு வெளிப்பட்டுவிடும். மெரூனிலும் ஊதாவிலும் சாம்பல் கலந்த பழுப்பிலும் இது அதிகம். "அச்சு அசல் டூப்", அதாவது வேறு கம்பெனியின் அதே நிறம், என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பது. பகல், மஞ்சள் பல்ப், வெள்ளை எல்.இ.டி. மூன்றிலும் கோடு தெரியாமல் நின்றால் மட்டுமே அது டூப்.

இன்னொரு துப்பு அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும். மூலப்பொருள் பட்டியலின் கடைசியில் சி.ஐ. என்று தொடங்கும் எண்கள் பிக்மென்ட்களின் அடையாளம். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளை. 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு. 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடு. 15850 பளிச்சென்ற, ரோஸ் பக்கம் சாயும் சிவப்பு. 77510 பிரஷ்யன் நீலம். 77019 மைக்கா, ஷிம்மரின் அடித்தளம். இரண்டு பாட்டிலில் எண்கள் வேறாக இருந்தால் மெட்டாமெரிசத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் எண்களுக்கு முன்னால் கூட்டல் கழித்தல் குறியோ, "இருக்கலாம்" என்ற பொருள்படும் சொல்லோ இருந்தால் அந்தப் பட்டியல் மொத்த வரிசைக்கும் பொதுவானது. உங்கள் ஷேடில் எது இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

போட்டோவுக்கு வருவோம். ஃபோன் கேமரா தான் பார்க்கும் காட்சியில் எது வெள்ளை என்று ஊகித்து மற்ற நிறங்களைத் தள்ளி வைக்கிறது. திரை முழுக்கச் சிவப்பு நகமாக இருந்தால், "இந்த அறையில் சிவப்பு வெளிச்சம் போல" என்று நினைத்து அதைக் குறைத்துவிடும். அதனால் படத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும். திரையில் நகத்தின் மேல் அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்துவிட்டு எடுங்கள். எச்.டி.ஆர்., பியூட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவற்றைவிடப் பெரிய உபாயம் ஒன்று உண்டு: ஏதாவது ஒரு குச்சியை நிரந்தரச் சாட்சியாக வைத்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதையும் சேர்த்து வையுங்கள். நடுத்தரச் சிவப்பில், மினுக்கு எதுவும் இல்லாத க்ரீம் வகை ஒன்று இதற்குச் சரி. இன்றைய படத்தில் சாட்சி ஆரஞ்சாக வந்திருந்தால், பக்கத்தில் இருப்பதும் அதே அளவு ஆரஞ்சுக்கு நகர்ந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் சரியாக வராத நிறங்கள் சில உண்டு. அழுத்தமான மயில் பச்சை நீலமாக வரும். ஊதா சாதுவான நீலமாகிவிடும். நியான் ரோஸ் வெறும் வெளுத்த சிவப்பாகக் கரைந்துபோகும். உங்கள் கையில் குறையில்லை. சாதாரணத் திரை காட்டக்கூடிய நிற எல்லைக்கு வெளியே இருக்கும் பச்சை நீலங்களை எந்தக் கேமராவால் எடுத்தாலும் அந்தத் திரை காட்டாது. நியான் பிக்மென்ட்டோ, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கி வெளிச்சமாகத் திருப்பித் தருவது. அதனால்தான் சாயங்கால வானத்தின் கீழே அது எரிகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தகதகப்பு படத்தில் வராது. ஆகவே ஆன்லைனில் மயில் பச்சையும் ஊதாவும் வாங்கும்போது படத்தை நம்ப வேண்டாம். எழுத்தில் யாராவது விவரித்திருந்தால் அதை நம்புங்கள்.

ஷிம்மர் வகைகளில்தான் இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் சூடு பிடிக்கும். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், சாய்த்தால் நிறம் மாறும். டியோக்ரோம் பாலிஷும் சாய்த்தால் மாறுகிறது, ஆனால் அதில் இரண்டு சாயம் கிடையாது. மைக்கா துணுக்கின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மிக மெல்லிய உறையாகப் படிந்திருக்கும். உறையின் தடிமன் சில பத்து நானோமீட்டர் கூடக்கூட வெள்ளி, தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று மின்னும் நிறம் மாறிக்கொண்டே போகும். சாயம் எதுவும் சேர்க்காமல் தடிமனை வைத்தே நிறம்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு குச்சியின் இடப் பாதியில் கறுப்பு க்ரீமும் வலப் பாதியில் வெள்ளை க்ரீமும் பூசிக் காயவையுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய டியோக்ரோம் டாப்பரை (வேறு நிறத்தின் மேல் பூசும் பாலிஷ்) ஒரே கோட்டாக இழுங்கள். கறுப்பின் மேல் பச்சையும் ஊதாவும் வண்டின் முதுகு மாதிரி துள்ளும். வெள்ளையின் மேல் அதே கோட் வெறும் முத்துப் பூச்சாக, சில கோணங்களில் எதிர் நிறத்தின் சாயலோடு நிற்கும். மைக்கா ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது, மிச்சத்தைக் கீழே விடுகிறது. கீழே கறுப்பு இருந்தால் மிச்சம் அங்கேயே செத்துவிடும். வெள்ளை இருந்தால் அது திரும்பி மேலே வந்து, முதல் நிறத்தோடு கலந்து அதை அழித்துவிடும். பாட்டிலில் அசத்தலாக இருந்து நகத்தில் சப்பென்று போன டியோக்ரோம் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கறுப்பின் மேல் ஒரு கோட் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பித்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிளாரின்ஸ் 230 சாட்சி. 1990-களின் பாட்டில், பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவும் ஷிம்மர். தயாரிப்பு நின்று வருடங்கள் கழித்து ஆர்வலர்கள் அதைத் தேடி ஓட ஆரம்பித்தார்கள், பழைய பாட்டில்கள் ஏலத்தில் அநியாய விலைக்குப் போயின. அதே தாவலைக் கொண்ட ஷேடுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பலருக்கு வேலையாகிப்போனது. மாக்ஸ் ஃபேக்டரின் ஃபேன்டசி ஃபயர் அப்படிக் கொண்டாடப்பட்ட ஒன்று. பிறகு சிறு தயாரிப்பாளர்கள் அந்த வகை பிக்மென்ட்டைப் போட்டுக் கடை நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அந்தத் தாவலுக்காக யாரும் ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை.

வானவில்லாக மின்னும் ஹோலோ வகைக்கு ஒரு விதிவிலக்கு: இதை மட்டும் நேர் வெயிலில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் அலுமினியத் துணுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் பதித்திருக்கும். ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் வந்தால்தான் அவை வானவில்லாகப் பிரிக்கும். மேகமூட்டத்தில் எல்லா ஹோலோவும் சாம்பல். காந்தத்தைக் காட்டினால் மினுக்கு இடம் நகரும் காந்த வகைகளை ஒப்பிடும்போது ஒரே காந்தம், ஒரே தூரம், ஒரே நேர அளவு. சூட்டில் நிறம் மாறும் தெர்மல் வகை நம் ஊருக்குக் காசு விரயம் என்பது என் கட்சி. பல தயாரிப்புகள் 30 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் மாறும்படி செய்யப்பட்டவை. சித்திரை வைகாசியில் அவை சூட்டு நிறத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரைப் பிடித்தால்தான் மறுபக்கம் தெரியும். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்கள் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும்.

குச்சியில் ஒன்றாக இருப்பது கையில் ஒன்றாக இருக்காது, அது தனிக் கதை. நகத்தின் அடியில் ரோஸ் சதை, சுற்றிலும் உங்கள் தோல் நிறம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் "நியூட்", அதாவது தோல் நிறத்தோடு ஒன்றிப்போவது, என்று விற்பதில் பாதி, சுண்ணாம்பு தொட்ட விரல் மாதிரி நிற்கும். ஏனென்றால் அந்த வெளிர் நிறங்களில் டைட்டானியம் வெள்ளை அள்ளிப் போட்டிருப்பார்கள். எசி கம்பெனியின் பாலே ஸ்லிப்பர்ஸ், எலிசபெத் ராணி விரும்பிப் போட்டது என்று பேர்போன ஷேடு, இதே ரகம். அவர் தோலுக்கு அது நியூட், நமக்கு அது வெளிர் ரோஸ், அவ்வளவுதான். நமக்கான நியூட் காப்பி, கேரமல், வெங்காயத்தோல், மண் கலந்த ரோஸ் பக்கம் இருக்கிறது. மாறாக, வெள்ளைத் தோலில் கண்ணைக் குத்தும் வாடாமல்லியும் மாம்பழ மஞ்சளும் நியானும் நம் கையில் உட்கார்ந்து பேசும். ஆகவே கடைசி இரண்டு மூன்று ஷேடுகளை மட்டும் அடுத்தடுத்த விரல்களில் மாற்றி மாற்றிப் பூசி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மருதாணி வைத்திருந்தால் ஜெல்லியையும் மெல்லிய ஷேடுகளையும் அந்த நகத்தில் மதிப்பிட வேண்டாம். அடியிலிருக்கும் செம்மை மேலே கலந்துவிடும். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அந்தச் சிவப்பு முழுக்க வெளியேற நாலைந்து மாதம் பிடிக்கும். அதுவரை குச்சிதான் கதி.

எல்லாவற்றையும் நகத்திலேயே பூசி அழித்துப் பார்ப்பது நகத்துக்கும் நல்லதல்ல. அசிட்டோன் நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் வறட்டிவிடும். நீலமும் மயில் பச்சையும் கறை வைக்கும், அவற்றுக்கு இரண்டு கோட் பேஸ் கோட் போடுங்கள். கண் இமையிலோ கழுத்திலோ காரணம் தெரியாத அரிப்பும் தடிப்பும் வந்தால் நெயில் பாலிஷையும் சந்தேகப்பட வேண்டும். சில பாலிஷ்களில் இருக்கும் டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பல நேரம் விரலில் ஒன்றும் தெரியாது. விரல் தொடும் மெல்லிய தோலில் வெடிக்கும். தோல் மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள். ஜெல் பாலிஷை இந்த விளையாட்டில் சேர்க்காமல் இருப்பது என் வழக்கம். விளக்கில் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப்பட்டு அக்ரிலேட் ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

கடைசியாகப் பழைய பாட்டில்கள். கெட்டியானது கெட்டுப்போனது ஆகாது. கரைப்பான் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். நெயில் பாலிஷ் தின்னர் என்று விற்பதை இரண்டு மூன்று சொட்டு விட்டு, உருட்டி, ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தேவையென்றால் இன்னும் இரண்டு சொட்டு. தின்னரில் இருப்பது பாலிஷில் ஏற்கெனவே இருக்கும் அதே அசிட்டேட்கள். ரிமூவரையோ அசிட்டோனையோ ஊற்றாதீர்கள். அப்போதைக்கு இளகினாலும் படலம் வலுவிழந்து, பாலிஷ் திரிந்து பிரிந்துவிடும். நிறம் அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றாலும் குலுக்கினால் சேர்ந்துகொள்ளும். குலுக்கியும் சேராமல் திரிந்து நிற்பது, தின்னர் விட்டும் நூல் நூலாக இழுப்பது, வாடை மாறியது, இவற்றை எறிந்துவிடலாம். ஜன்னலோரம் வருடக்கணக்கில் நின்ற நியான் வெளுத்திருக்கும். அதன் பழைய குச்சி இருட்டில் இருந்திருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே பாட்டில் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வைத்துக்கொள்பவற்றின் கழுத்தை ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்து மூடுங்கள்; அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும் பாலிஷால்தான் மூடி சரியாக உட்காராமல் உள்ளே இருப்பது கெட்டியாகிறது. நிற்கவைத்து, இருட்டான அலமாரியில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். பூசும்போதும் அழிக்கும்போதும் பக்கத்தில் அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு இது. எறிவதையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். திறந்த மொட்டை மாடியில் பழைய அட்டையில் கொட்டிப் பரப்பி, முழுக்கக் காய்ந்தபின் குப்பையில் சேருங்கள். கொட்டுவதற்கு முன் அதிலிருந்து ஒரு குச்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதே மெரூனை மறுபடி பார்க்கும்போது கையில் இருக்கும்.